திங்கட்கிழமையே துண்டான டிரைவ்

செல்போன் அலறியது!

சிதம்பரம் கீழவீதிக் கடையில் கீபோர்டைக் கவிழ்த்துத் தூசி தட்டிக்கொண்டிருந்த ஜாபிர் எடுத்தான்.

"ஜாபிர்... கடலூர் ஃபேக்டரி மேனேஜர் ராஜவேல் பேசறேன். உடனே கெளம்பி வா."

"என்னா சார் ஆச்சு?"

"ஆபீஸுக்குள்ள மெசேஜ் அனுப்பற சாட்டு தெறக்கவே மாட்டேங்குது. பதினாலு சிஸ்டத்துல பதிமூணு ஹேங்! நேத்து தேவநாதன் செத்ததுலேர்ந்து இதே ரோதனை."



2009 ஜூலை. செவ்வாய்க்கிழமை காலை, கெமிஸ்ட் தேவநாதன் அந்த ஃபேக்டரி லேபில் டீ குடித்தார். குடித்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

டீயில் சயனைடு!

ஊற்றிக் கொடுத்தவன் லேப் உதவியாளன் செம்பியன். ஜாபிரோடு பத்தாவது வரை ஒரே பெஞ்ச். நேற்று ராத்திரி லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"மச்சான்... ஃபிளாஸ்க்ல இருந்ததை ஊத்துனேன்டா. அவ்ளோதான்டா. நாளைக்கு சாயங்காலம் ஜெயிலுக்குக் கொண்டு போயிட்டா, நான் வெளியவே வரமாட்டேன்டா..."

பூச்சியைக்கூட ஊதித் தள்ளிவிடுகிறவன். அவனா கொலைகாரன்? ஜாபிர் டூல் பையைத் தோளில் மாட்டினான்.

பதினோரு மணிக்கு ஃபேக்டரி. வாசலில் போலீஸ் ஜீப். கீழே லேபுக்குப் பூட்டு, பூட்டுக்குக் காவல், காவலுக்கு மேல் இன்ஸ்பெக்டர் அந்தோணிசாமி.

மாடியில் ராஜவேல் தோளில் கை போட்டார்.

"என் சிஸ்டம் மட்டும்தான் நல்லா ஓடுது தம்பி. தேவைன்னா அதுல ஒக்காந்து பாத்துக்க. மதியத்துக்குள்ள முடி."

ரிசப்ஷனில் இருந்த சுவேதாவின் கம்ப்யூட்டரில் ஆரம்பித்தான். சாட்டைத் தட்டினான். அசையவில்லை. ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

பிடிபட்டது!

"சாட்டு தெறக்கும்போது இந்த மெஷின்ல இருக்கற எல்லா டிரைவையும் ஒரு தடவ கூப்புடுது மேடம். மத்ததெல்லாம் பதில் சொல்லுது. 'எம்'னு எழுத்துப் போட்ட டிரைவ் மட்டும் சொல்லல. அது லேப்ல இருக்கற தேவநாதன் சார் சிஸ்டத்துக்குப் போற லிங்க். அதைத்தான் போலீஸ் அணைச்சுப் பூட்டிருக்காங்களே!"

சுவேதாவின் முகம் வெளிறியது.

"அப்படின்னா... நேத்துலேர்ந்து நாங்க எல்லாரும் செத்தவரையா கூப்ட்டுக்கிட்டு இருக்கோம்?"

 ஜாபிர் எம் டிரைவைத் துண்டித்தான். சாட் பளிச்சென்று திறந்தது. பதிமூன்று மெஷினிலும் அதே வைத்தியம். முடிந்தது வேலை.

முடிந்ததா?

படியில் கால் வைத்தவன் நின்றான்.

போன மாதம் எம் டிரைவைப் போட்டவன் அவன்தான். பதிமூன்றில் மட்டுமல்ல. பதினாலிலும்!

ராஜவேலின் அறை காலி. மெஷினில் உட்கார்ந்தான். எம் டிரைவ்... இல்லை!

தினமும் மாலை ஆறு மணிக்கு எல்லா மெஷினின் செட்டிங்கும் சர்வரில் காப்பி ஆகும். அதுவும் அவன் செய்து வைத்த ஏற்பாடுதான். திறந்தான். சனிக்கிழமை, எம் இருந்தது. திங்கட்கிழமை...

 விரல்கள் கீபோர்டில் வேகமாக ஓடின.

'க்ளிக்!'

பின்னால் கதவுத் தாழ்ப்பாள். ராஜவேல்! ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் டம்ளர்.

"முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுது சார். உங்க சிஸ்டம் மட்டும் ஏன் சார் ஹேங் ஆவல?"

"தேவநாதன் செத்தப்புறம் எனக்கும்தான் ஆச்சு. எம் டிரைவை நானே எடுத்துட்டேன். சரியாயிடுச்சு."

"வைத்தியம் தெரிஞ்சே வெச்சிக்கிட்டு என்னை எதுக்கு சார் சிதம்பரத்துலேர்ந்து வரவெச்சீங்க?"

டம்ளரில் விழுந்துகொண்டிருந்த டீ ஒரு கணம் நின்றது.

"நீங்க அதை எடுத்தது திங்கக்கெழம சார். அவரு செத்தது செவ்வாக்கெழம. திங்கக்கெழம எந்த சாட்டும் ஹேங் ஆவலயே... எதுக்கு எடுத்தீங்க?"

 ராஜவேல் ஃபிளாஸ்க்கை மேஜையில் வைத்தார்.

"அந்த டிரைவ்ல என்னா இருந்துச்சு சார்?"

ராஜவேல் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜாபிருக்குப் பிடிக்கவில்லை.

"ஆத்துல விடற தண்ணியோட நெஜ ரிசல்ட்டு. கலெக்டர்ட்ட குடுக்கப் போறேன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொன்னான். அழிச்சேன். தடம் இருக்கக்கூடாதுன்னு டிரைவையும் எடுத்தேன். ஆனா ரிசல்ட்டு அவன் மண்டைக்குள்ளயும் இருந்துச்சே தம்பி... அதை எப்படி அழிக்கறது?"

"அதுக்கு செம்பியனை ஏன் சார்..."

"யாரோ ஒருத்தன் ஊத்தணும்ல? இப்ப நானே ஊத்தறேன்." டம்ளரை நீட்டினார். "கெமிஸ்ட் சாவு, கூட்டாளி ஜெயிலு... மனசு தாங்காம சர்வீஸ் பையன் தற்கொலை. குடி!"

டம்ளர் உதட்டருகே வந்தது. ஜாபிர் அதைக் கையில் வாங்கினான். குரல் நடுங்கவில்லை.

"சார்... நீங்க வர்றதுக்கு முன்னாடி சாட்டை டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்."

"என்ன டெஸ்ட்டு?"

"அந்த திங்கக்கெழம காப்பியை உங்க பேர்லேர்ந்து பதிமூணு பேருக்கும் அனுப்புனேன். கீழ இன்ஸ்பெக்டரைக் கூப்புடுங்கன்னு ஒரு வரியும் போட்டேன். எதுவும் ஹேங் ஆவல சார்!"

'தடால்!'

தாழ்ப்பாள் தெறித்தது. அந்தோணிசாமி நின்றார். அவருக்குப் பின்னால் சுவேதா. அவளுக்குப் பின்னால் ஆபீஸ் மொத்தமும்!

ராஜவேல் வேர்த்து வழிந்தார்.

"சா... சார்... சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். டீ சாப்புட்டுக்கிட்டே..."

"அப்படியா?" ஜாபிரின் கையிலிருந்த டம்ளரைப் பூப்போல வாங்கி, ராஜவேலிடமே நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

"ஆறிடப் போவுது... மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க சார்!"