மூன்றாவது செட்

மூன்றாவது செட்டில் சாத்தாங்காடு இல்லை.

முதல் இரண்டிலும் இருந்தது. முதலாவதில் சாத்தாங்காடு மட்டுமே இருந்தது. இரும்புத் தகடுகள் லாரியிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும் ஓசை, கேஸ் கட்டர் சீறும் ஓசை, கிரேன்காரனின் விசில், யாரோ யாருடைய தாயாரையோ விசாரிக்கும் குரல், இவற்றுக்கெல்லாம் அடியில் எங்கோ மறுமுனையில் பேசும் நண்பன் ஸ்டானிஸ்லாஸும் இருப்பதாக விசுவாசத்தின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவதில் பாதி ஸ்டானிஸ்லாஸ் கேட்டான். மூன்றாவதை ஜெரி காதருகே கொண்டுபோனதும், பத்தடி தூரத்தில் தகடு விழுந்து தரை அதிர்ந்த அதே நொடியில், "லைன் ஆஃப். தேரு வரலாம்" என்றது. அவ்வளவுதான். குரலுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. இரைச்சல் இல்லை, காற்று இல்லை, இந்த மாதிரி வாக்கி டாக்கி செட்டுகளுக்கே உரிய கரகரப்பும் இல்லை. கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில் ஒருவன் உட்கார்ந்து, உதட்டைக் காதில் ஒட்டிவைத்துப் பேசியதுபோல் இருந்தது.

ஜெரிக்குக் காது மடல் ஜில்லிட்டது. அதை அவன் திருப்தி என்று எடுத்துக்கொண்டான்.

வாக்கி டாக்கி வாங்குகிறவர்கள் பொதுவாகச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு வருவதில்லை. பர்மா பஜாரில் மூன்று ஜோடி செட்டை 'பார்த்துட்டுச் சொல்றோம்' என்று வாங்கிவந்து இங்கே சோதித்தது ஜெரியின் யோசனை. கடையில் எல்லா செட்டும் நன்றாகத்தான் பேசும். ராயபுரத்தில் மாதா தேர் கிளம்பும்போது இரண்டு பேண்டு செட், அதிர்வேட்டு, ஜெனரேட்டர், போதாததற்கு மைக்கைப் பிடித்தால் விடாத விழாக் கமிட்டிச் செயலாளர் லூயிஸ். அந்தச் சத்தத்துக்கு ஈடு சொல்ல வட சென்னையில் சாத்தாங்காட்டை விட்டால் வேறு இடமில்லை.

இத்தனை பாடும் ஒரே ஒரு வாக்கியத்துக்காக. தேர் திரும்பும் மூலையில் தெருவுக்குக் குறுக்கே பெரிய மின்கம்பி போகிறது. இத்தனை வருஷம் தேர் அதன் அடியில் அடக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த 2004-ஆம் வருஷக் கமிட்டி, பக்கத்துப் பங்கின் மாதாவைவிடத் தங்கள் மாதா குள்ளமாக நிற்பது விசுவாசத்துக்கே இழுக்கு என்று முடிவெடுத்து, இரும்புத் தேரின் மேல் இன்னும் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்பு வளைவு வைத்துவிட்டது. ஆகவே தேர் கடக்கும்வரை கரண்டுக்காரர் திருமலை லைனை அணைத்து வைக்க வேண்டும். அவர் நிற்கும் இடம் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால். அங்கிருந்து தேர் தெரியாது. அவர் அணைத்ததும் பக்கத்தில் நிற்கும் ஸ்டானிஸ்லாஸ் செட்டில் சொல்வான். தேருக்கு முன்னால் நிற்கும் ஜெரி கொடி அசைப்பான். தேர் நகரும். செல்போன் இருவரிடமும் உண்டு. பேண்டு சத்தத்தில் அது அடிப்பதே தெரியாது. கம்பியில் கரண்டு ஓடுகிறதா என்பது கம்பியைப் பார்த்தாலும் தெரியாது.

தேரின் உச்சியில், அந்த வளைவுக்கு அடியில் நின்று மாதாவுக்கு மாலை போட இந்த வருஷம் சீட்டுக் குலுக்கலில் பெயர் வந்திருப்பது ஜெரியின் தங்கை டோரதிக்கு.

ஸ்டானிஸ்லாஸ் தகடுகளுக்கு நடுவிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை. யார் குரலிலும் பேசுவான். ஃபாதர் குரலில் போன் செய்து ஜெரி வீட்டையே முழங்காலில் நிறுத்தி ஜெபமாலை சொல்ல வைத்தவன். ஆகவே அவன் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நம்புவது வழக்கம்.

"மூணாவது சூப்பர்டா. பின்னாடி ஒரு சத்தம் இல்ல," என்றான் ஜெரி.

"எப்டி இருக்கும். நான் பேசவே இல்லியே மாமு."

"சரி."

"அட, நெஜமா. பேட்டரி மூடி கழண்டுகினு வந்துடுச்சு. இப்பதான் மாட்னேன். பாரு, கை பூரா கிரீசு."

கிரீஸ் இருந்தது. கல்யாண வீட்டில் ஒரு பொய்க்காகத் தலை முழுக்க மாவு கொட்டிக்கொண்டு அழுதவனுக்குக் கிரீஸ் ஒரு பெரிய காரியமில்லை.

"இன்னொரு வாட்டி போய்ப் பேசு."

போனான். தூரத்தில் செட்டை வாயருகே வைத்துக் கையை ஆட்டினான். செட்டும் பேசியது. அதே சொல், அதே சுத்தம். ஒன்றுதான் சரியாக இல்லை. சொல் முதலில் வந்தது. அவன் உதடு அதற்குப் பிறகுதான் அசைந்தது. தூரத்தால் அப்படித் தெரிகிறது என்று ஜெரி முடிவு செய்தான். பௌதிகத்தில் அவன் எப்போதுமே சுமார்.

மற்ற இரண்டு ஜோடியையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். உள்ளே நெத்திலி பொரியும் வாசனை. பின்னால் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி, பெட்டி பெட்டியாக இடித்துக்கொண்டு நகர்ந்தது. இரண்டு செட்டையும் டிவி மேல் சார்ஜரில் நிறுத்தினான். டோரதி வெள்ளை கவுனைப் போட்டுக் கண்ணாடி முன் மாலை போடும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, கை இவ்ளோ தூக்குனா போதுமா?"

"தூக்காம போட்டா இன்னும் நல்லாருக்கும்."

"மாதா இன்னா குட்டையா. வளைவுக்கு நேரா நின்னுகினு..."

"லைன் ஆஃப். தேரு வரலாம்," என்றது டிவி மேலிருந்து.

டோரதி சிரித்தாள். "ஸ்டானிஸ் அண்ணனுக்கு வேற வேலையே கெடையாது."

ஜெரியும் சிரிப்பதாக இருந்தான். அப்போதுதான் பார்த்தான். இரண்டு செட்டும் அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டின் திருகும் அணைத்த நிலையில் இருந்தது. கூட்ஸ் வண்டியின் இடி வீட்டுச் சுவர் வழியே, ஜன்னல் கம்பி வழியே, டம்ளர் தண்ணீர் வழியே வந்துகொண்டிருந்தது. அந்தக் குரல் வந்த நேரம் மட்டும் அந்த இடியில் ஒரு துண்டை யாரோ வெட்டி எடுத்த மாதிரி இருந்தது என்று, குரல் போன பிறகு, அவன் காது சொன்னது.

வெளியே போய் ஸ்டானிஸ்லாஸுக்குப் போன் போட்டான். பின்னால் கிரேன் மணி அடித்தது. டியூட்டியில் இருந்தான்.

"நான் எங்கடா பேசறது. ரெண்டு செட்டும் உன் வூட்லதான கீது," என்றான் ஸ்டானிஸ்லாஸ். பிறகு, அவனிடம் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், "மாமு, சாத்தாங்காட்டுல நான் பொய் சொல்லல," என்றான்.

மறுநாள் ஞாயிறு, திருநாள். கடை கிடையாது. காலைப் பூசை முடிந்ததும் ஜெரி லூயிஸிடம் போனான். லூயிஸ் அதற்குள் செட்டுகளைப் பற்றி மைக்கில் அறிவித்திருந்தார்.

"அங்கிள், அந்த செட்டு தானா பேசுது."

"தானா பேசற செட்டு நல்ல செட்டுதானப்பா. நம்ம ஆளுங்கள பேச வைக்கறதுதான் கஷ்டம்."

"வளைவ மட்டும் கழட்டிட்டா..."

"மாதாவ குனிஞ்சு போகச் சொல்றியா?"

டோரதியிடம் ஏறாதே என்று சொன்னான். வீட்டுக்குள்ளேயே கவுனோடு திரிந்துகொண்டிருந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்து, "நீயும்தான் பேரு குடுத்த. வரலன்னா நான் இன்னா பண்ணட்டும்," என்றாள். அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

மிஞ்சியது ஒரு வழி. மாலையில் கோயில் வாசலில் ஸ்டானிஸ்லாஸை ஜெனரேட்டர் பக்கம் நிறுத்திப் பேசச் சொன்னான். செட்டில் ஸ்டானிஸ்லாஸ் கேட்டான். கூடவே ஜெனரேட்டரின் உறுமல், ட்ரம்பெட்காரன் பதம் பார்க்கும் பீப்பீ, மிட்டாய்க்காரன் மணி. எல்லாம் கலந்து, கலீஜாக, கரகரவென்று. அந்தக் கரகரப்பைக் கேட்டதும் ஜெரிக்குக் கண் கலங்கியது. மனிதன் பேசினால் இந்த செட்டில் சத்தமும் சேர்ந்தே வருகிறது.

அப்படியானால் சாத்தாங்காட்டில் பேசியது. அதற்கு மேல் அவன் நினைக்கவில்லை.

"நீ பேசறப்ப பின்னாடி சத்தம் கேக்கணும். சத்தம் இல்லாம வந்தா நான் கொடி ஆட்ட மாட்டேன்," என்றான்.

"சத்தம் இல்லாம வந்தா அது நான் இல்லியா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

ஜெரி செட்டின் திருகைத் தேவையில்லாமல் ஒரு தடவை சரிபார்த்தான். ஸ்டானிஸ்லாஸ் ஜோக் ஏதும் அடிக்காமல் ஐஸ் ஃபேக்டரி பக்கம் நடந்தான்.

தேர் கிளம்பியது. மெழுகும் மல்லிகையும் வெடிமருந்தும் மீன் வாடையும் சேர்ந்த காற்று, இரண்டு பேண்டும் ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் வாசிக்க, பாட்டிகள் பூவை எறிய, லூயிஸின் குரல் ஒலிபெருக்கிகளில் முன்னும் பின்னுமாக மோத, இரும்புச் சக்கரம் தார் ரோட்டை நறநறவென்று அரைத்துக்கொண்டு வந்தது. உச்சியில் சீரியல் விளக்கு வெளிச்சத்தில் டோரதி சின்னதாக, வெள்ளையாகத் தெரிந்தாள். ஜெரி தேரைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தான். வலக்கையில் கொடி. இடக்கையில் செட், காதோடு அழுத்தி. சத்தம் நெஞ்சுக்கூட்டில் அடித்தது. காதுக்குள் மட்டும் செட் அமைதியாக இருந்தது. யாரோ பேசுமுன் மூச்சை உள்ளே இழுத்து வைத்திருக்கும் அமைதி.

மூலைக்கு இருபது அடி இருக்கையில், "லைன் ஆஃப். தேரு வரலாம்."

சத்தமில்லாமல்.

ஜெரி அசையவில்லை. கொடியை இடுப்போடு ஒட்டிக்கொண்டான். தேர் நின்றது. தள்ளுகிறவர்கள் முனகினார்கள். லூயிஸ் மைக்கிலேயே, "ஜெரி, இன்னாப்பா ஆச்சு," என்று ராயபுரம் முழுவதற்கும் கேட்டார்.

காத்திருந்தான். வியர்வை செட்டின் மேல் வழிந்தது.

மீண்டும் குரல். "லைன் ஆஃப். தேரு வரலாம்." இந்த முறை பின்னால் சத்தம் இருந்தது. பேண்டு. கூட்டம். சக்கரம். கரகரப்பு. எல்லாம் இருந்தது. ஜெரி மூச்சு விட்டான். கொடியை அசைத்தான்.

தேர் நகர்ந்தது.

செட்டில் சத்தம் நிற்கவில்லை. ஸ்டானிஸ்லாஸ் பேசி முடித்துவிட்டான். பேண்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தெளிவாக, மிகக் கிட்டத்தில். ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் சக்கரம் எப்படி நறநறக்கும் என்று ஜெரி யோசித்தான். இந்தப் பாட்டைப் பேண்டு இன்னும் வாசிக்கவில்லையே என்றும் யோசித்தான். அப்போது செட்டுக்குள் பேண்டு அறுந்தது. பாட்டின் நடுவில், ட்ரம்பெட் ஏறிக்கொண்டிருக்கும்போதே. எண்ணெய்ச் சட்டியில் ஈரம் பட்ட மாதிரி ஒரு சத்தம். பிறகு பெண்கள். பிறகு லூயிஸ், மைக் இல்லாமல். பிறகு ஜெரியின் குரலே, ஒரு பெயரைச் சொல்லி.

எதிரே தெருவில் பேண்டு முழுவீச்சில் வாசித்துக்கொண்டிருந்தது. பாட்டிகள் பூ எறிந்தார்கள்.

செட் ஒரு முறை சொடுக்கியது. "ஜெரி. ஜெரி, கேக்குதா. இன்னும் ஆஃப் பண்ல. சுவிட்சு இறுகிக்கீது, திருமலை அண்ணன் இழுத்துகினு கீறாரு. தேர வுடாத. கேக்குதா."

ஜெரி கத்தினான். அவனுக்கே கேட்கவில்லை. கொடியை எறிந்தான். இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கினான். நில்.

இந்த ஊரில் தேருக்கு முன்னால் ஒருவன் இரண்டு கையையும் மேலே தூக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தெரு முழுக்கக் கைகள் எழுந்தன. "மரியே..." என்று முன்வரிசை இழுத்தது. "வாழ்க" என்று பின்வரிசை தேரைத் தள்ளியது.

ஓடிப்போய்த் தேரின் முன் கட்டையில் நெஞ்சை முட்டுக்கொடுத்தான். செருப்பு கழன்றது. பாதம் பின்னால் வழுக்கியது. பக்கத்தில் நின்றவன், பக்தியில் வந்த ஆவேசம் என்று நினைத்து, அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

பேண்டு பாட்டை மாற்றியது.

தெரிந்த பாட்டு. சற்று முன் கேட்ட பாட்டு. ட்ரம்பெட் ஏறியது.

ஏறியது.

ஜெரி தலையைத் தூக்கினான். உச்சியில் டோரதி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கை தூக்கியதைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. சிரித்தபடி மாலையோடு தன் கைகளையும் உயரத் தூக்கினாள். காற்றே இல்லை. சீரியல் விளக்கு ஆடவில்லை, பூ ஆடவில்லை. அவள் தலைமுடி மட்டும், பின்னலிலிருந்து ஒவ்வோர் இழையாகப் பிரிந்து, நேராக, மெதுவாக, மேலே கம்பியை நோக்கி எழுந்துகொண்டிருந்தது.