வராதவரின் கையெழுத்து

மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகும் டப்பாவின் மூடியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

விழுந்து கிடந்த பீச் என்னும் காட்டு மரத்தின் அடியில், சொதசொதவென்று மக்கிய இலைகளுக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவி மார்லீன் அதை வெளியே எடுத்திருந்தாள். அவள் கை முழுக்கச் சேறு. டப்பா மட்டும் இப்போதுதான் யாரோ துண்டால் துடைத்து வைத்தது போல இருந்தது. நல்ல டப்பா, இறுக்கமான மூடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளேதான் நனையாது, வெளியே எப்படி நனையாமல் இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. இதற்காகத்தான் ஒன்றரை மணி நேரம் ஹென்லி ஓடைப் பள்ளத்தாக்கில் இறங்கி, வழுக்கி, இரண்டு முறை உட்கார்ந்தபடியே சறுக்கி வந்திருக்கிறாள்.

இது கணவன் லாய்டின் பைத்தியம். முகம் தெரியாத யாரோ காட்டில் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் போடுவார்கள். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடிப்போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். ஜியோகேஷிங் என்பார்கள். வேலையற்ற வேலை என்பாள் மார்லீன். முப்பத்தோரு வருடம் தபால்காரனாக நடந்தவன், ஓய்வு பெற்றதும் கால் சும்மா இருக்க மாட்டாமல் இதில் விழுந்தான். பன்னிரண்டு வருடத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது டப்பா. ஆயிரமாவதாக இதைக் குறித்து வைத்திருந்தபோது நுரையீரல் கைவிட்டது. இப்போது வீட்டு ஹாலில், ஜன்னலோரம் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடக்கிறான். கிறிஸ்துமஸைப் பார்ப்பது சந்தேகம் என்று நர்ஸ் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

காலையில் அவன் மார்பில் யூகலிப்டஸ் தைலம் தேய்த்தபடி, "நான் போய் உன் பேரை எழுதிட்டு வந்துடறேன்" என்றாள்.

"அதெல்லாம் வேணாம். நான் வரல இல்ல? வராதவன் பேர எழுதினா அது பொய்க் கையெழுத்து."

"ஆமா, பெரிய நீதிபதி."

"வீட்ல ஆள் இல்லாத ஒரு பார்சலுக்காவது நானே கையெழுத்து போட்டிருக்கேனா? முப்பத்தோரு வருஷம், மார்லீன்." மூச்சு வாங்கியது. "நீ போய்ப் பாரு. எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லு. போதும்."

கட்டிலின் மறுபக்கத்திலிருந்து மகள் டெஸ்ஸா சிரித்தாள். "ஆயிரம் இருந்தாதான் மேல கதவத் திறப்பாங்களாப்பா?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போதுக்கு ஜன்னலத் திறப்பாங்க, போ."

மார்லீன் நோட்டைப் பிரித்தாள். அநேகமாக எல்லா வரியிலும் இரண்டு பெயர், ஒரே கையெழுத்தில். குடும்பமாக வருகிறார்கள் போலும். தன் பெயரை எழுதினாள். பேனாவை எடுக்காமல் ஒரு கணம் நின்றாள். அவன் போவதற்குள் ஆயிரம் ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். பொய்யென்றால் அந்தப் பாவம் தன் தலையில் விழட்டும். பக்கத்திலேயே, அழகாக, லாய்ட் என்று எழுதினாள்.

டப்பாவைப் பழைய இடத்தில் செருகிவிட்டு ஏறத் தொடங்கினாள். மணி நாலு. நவம்பர் வெளிச்சம் மேட்டுக்கு மேலே மட்டும் மிச்சமிருக்க, பள்ளத்தில் ஹெம்லாக் மரங்களின் அடியிலிருந்து இருட்டு கசிந்து பாதைக்கு வந்துகொண்டிருந்தது. ஓடை கல்லில் மோதி முணுமுணுத்தது, உதிராமல் கிளையிலேயே காய்ந்துபோன பீச் இலைகள் காற்றில்லாத நேரத்திலும் சரசரத்தன, நனைந்த மண்ணும் அழுகிய பட்டையும் கலந்த வாடை தொண்டை வரை வந்து உட்கார்ந்தது. அந்த வாடைக்குள் இன்னொன்றும் இருந்தது என்பது முதல் வளைவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. தைலம். யூகலிப்டஸ் தைலம். என் கையில்தான் ஒட்டியிருக்கும் என்று முகர்ந்து பார்த்தாள். கை சேறாக மணத்தது.

பின்னால் தொப் என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொரு தொப். செருப்போ பூட்ஸோ இல்லாத கால் சேற்றில் பதிந்து பிடுங்கி வரும் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மான் என்று சொல்லிக்கொண்டாள். மானுக்கு இரண்டு கால் இல்லை என்று மனம் உடனே பதில் சொன்னது. வேகமாக நடந்தாள். பின்னால் வந்ததும் வேகம் கூட்டப் பார்த்தது, முடியவில்லை, நின்று இழுத்து மூச்சு வாங்கியது. அந்த மூச்சு அவளுக்குப் பழக்கமான மூச்சு. பயத்தில் அவள் ஏறக்குறைய ஓடினாள்.

மேட்டின் பாதியில் போன் அலறியது. டெஸ்ஸா.

"அம்மா, எங்க இருக்க?"

"ஏறிட்டே இருக்கேன். என்னாச்சு?"

"அப்பாவுக்குக் கண்ணு திறந்துதான் இருக்கு, என்னப் பாக்க மாட்டேங்கறாரு. கால் ரெண்டும் ஐஸ் மாதிரி இருக்கேன்னு போர்வையத் தூக்கினேன்..." குரல் உடைந்தது. "கால் பூரா சேறும்மா. கட்டில விட்டு எறங்கவே இல்ல. நான் இங்கயேதான் உக்காந்திருந்தேன், சத்தியமா."

"ஏதாவது சொன்னாரா?"

"'ஏன் இவ்ளோ வேகமா போற, எனக்கு வழி தெரியல'ன்னு சொல்லிட்டே இருக்காரு. யார்கிட்டம்மா பேசறாரு?"

மார்லீன் நின்றாள். பின்னால் வந்ததும் நின்றது.

திரும்பினாள். யாருமில்லை. பாதையில் அவளுடைய பூட்ஸ் தடங்கள் இருந்தன. அவற்றின் மேலேயே, ஒவ்வொன்றையும் விடாமல் மிதித்துக்கொண்டு, வெறுங்கால் தடங்கள். கடைசித் தடம் அவளிடமிருந்து இரண்டு அடியில் முடிந்திருந்தது. ஐந்து விரலும் அழுந்திப் பதிந்த பள்ளத்தில் தண்ணீர் இப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

"லாய்ட்?"

தைல வாடை முகத்தில் அடித்தது.

உடம்பு மேலே ஓடு என்றது. கார் மேலே, சாலை மேலே, வெளிச்சம் மேலே. ஆனால் அவள் எழுதிய பெயர் கீழே இருந்தது. வேண்டாம் என்று சொன்னவனை இழுத்து வந்து காட்டில் விட்டிருக்கிறாள். பயத்தைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

"வா. நான்தானே கூட்டிட்டு வந்தேன். நானே அனுப்பி வைக்கறேன்" என்று காற்றிடம் சொல்லிவிட்டு, வழிவிட்டு ஒதுங்கிக் கீழே இறங்கினாள். தொப். தொப். பின்னாலேயே வந்தது.

டப்பா மரத்துக்கு அடியில் இல்லை. மேலே இருந்தது. அவளுக்காக எடுத்து வைத்தது போல. மூடி காய்ந்து, பளிச்சென்று.

போன் வெளிச்சத்தில் பக்கத்தைத் தேடிப் புரட்டினாள். இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். மற்ற வரிகளில் எல்லாம் இரண்டாவது பெயர் பாதி வரை கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பாதி வரைதான். ஒன்றுகூட முழுதாக இல்லை. அவளுக்கு முன்னும் திரும்பி வந்திருக்கிறார்கள். ஏன் பாதியில் விட்டார்கள்?

நேரமில்லை. லாய்டின் பெயர் மேல் பேனாவை அழுத்தி இழுத்தாள்.

போன் அடித்தது. வரும்போது ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத இடம். அழைப்பு தானாகவே ஒலிபெருக்கியில் திறந்துகொண்டது.

"அம்மா! அப்பா வாய் ஒரு பக்கம் கோணுதும்மா! இடது பக்கம் பூரா செத்த மாதிரி தொங்குது! ஆம்புலன்ஸ் கூப்டிருக்கேன்... அம்மா, நீ ஏதாவது பண்றியா? அவரு உன் பேரத்தான் சொல்றாரு. 'வேணாம், வேணாம்'னு..."

பேனா நின்றது. பெயரின் நடுவில்.

ஓடையின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. இலைகள் சரசரத்தன. அவை இலைகள் இல்லை.

மூச்சு. நிறைய மூச்சு.

அவள் நிமிர்ந்தாள்.

மரத்துக்கு ஒருவராக நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரி அங்கியில் ஒரு கிழவி. சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒருவன். தலைமயிர் இல்லாத ஒரு பெண். எல்லோரும் வெறுங்கால். எல்லோருக்கும் பாதி முகம். மறுபாதியில் கண் இல்லை, புருவம் இல்லை, உதடு இல்லை. வழவழவென்று தோல் மட்டும். இருந்த ஒற்றைக் கண்கள் பாதையைப் பார்த்தபடி இருந்தன. மேலேயிருந்து யாரோ வருவார்களென்று.

"அம்மா? அம்மா, பேசு!"

வரிசையின் கடைசியில் லாய்ட். அவளுக்கு மிக அருகில். காலையில் அவள் பொத்தான் போட்டுவிட்ட அதே நீலச் சட்டை. இடது கன்னம் மெல்ல மெல்ல வழவழவென்று ஆகிக்கொண்டிருந்தது. மூக்கின் ஓரத்தில் கோடு வந்து நின்றது, பேனா நின்ற இடத்தில்.

அவன் கையை நீட்டினான். பேனாவுக்கா, அவளுக்கா, தெரியவில்லை. மிச்சமிருந்த பாதி வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அவள் பெயரின் முதல் பாதி மட்டும் வெளியே வந்தது.