தங்கம்மாளின் புருவத் தழும்பு

இந்தக் காலத்தில் வீட்டில் ஒருவர் செத்துப்போனால், அழுவதற்கு முன்னால் பேனருக்குச் சொல்லிவிடுகிறார்கள். அழுகையைக்கூட அச்சடித்துத் தெருவில் கட்டினால்தான் ஆயிற்று.

சேத்தியாத்தோப்பு பஸ்ஸிலிருந்து இறங்கி, அக்கா வீட்டுத் தெருமுனைக்கு வந்த சக்கரபாணித் தாத்தா, அந்த டிஜிட்டல் பேனரை அண்ணாந்து பார்த்தார். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். கீழே பேரப்பிள்ளைகளின் படங்கள். ஒருவன் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு சிரித்தான்.

“கண்ணாடிக்குள்ள அழுவுறான் போல” என்று முணுமுணுத்தார்.

நடுவில் அக்கா தங்கம்மாள். ஆனால் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த பீங்கான் பொம்மை மாதிரி முகம் வழவழவென்று இருந்தது. வெயிலில் கறுத்த நிறம் போய்விட்டது. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தழும்பையும் காணோம்.

வீட்டுக்குள்ளும் அதே படம்தான். கண்ணாடிச் சட்டம் போட்டு, நாற்காலியில் மாலையோடு வைத்திருந்தார்கள்.

“வாங்க மாமா” என்று ஓடிவந்தான் தங்கம்மாளின் மகன் ராஜ்மோகன். “எல்லாம் தயாரா இருக்குது. சீலையக் குடுங்க, படையல் போட்டுடலாம்.”

அன்று பதினாறாம் நாள். இறந்தவர் பெண் என்றால், பிறந்த வீட்டுச் சேலை வந்த பிறகுதான் படையல். அது தாத்தாவின் மஞ்சள் பையில் இருந்தது. அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“இது யாருடா?”

“எங்க அம்மாதான் மாமா.”

“உங்க அம்மாவா இருக்கலாம். எங்க அக்கா இல்ல. தழும்பு எங்கடா?”

“ஸ்டுடியோக்காரரு பார்வையா இருக்கட்டும்னு சரி பண்ணிட்டாரு மாமா. பழைய போட்டோ அவருகிட்டதான் மாட்டிக்கிச்சு. கடையப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு.”

“முன்னப்பின்ன தெரியாத பொம்பளைக்கு நான் எதுக்குச் சீலை வைக்கணும்?”

தாத்தா பையோடு கொல்லைப்பக்கம் போய், அடிபம்பு மேடையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ராஜ்மோகனின் மகள் கயல்விழி டீ கொண்டுவந்தாள்.

“உங்க அப்பன் தூது அனுப்புனானா?”

“இல்ல தாத்தா. நானாத்தான் வந்தேன்.”

தாத்தா நம்பவில்லை. டீயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

“எனக்கும் அந்தப் போட்டோவப் புடிக்கல” என்றாள் கயல்விழி. “ஆயாவோட தழும்பத் தடவிக்கிட்டேதான் நான் தூங்குவேன்.”

“அது எப்படி வந்துதுன்னு உங்க ஆயா சொன்னாளா?”

“சொன்னாங்களே. பொம்மை லோடு லாரியில மெட்ராஸ் போனப்ப, வேப்பூர்ல ஒரு திருடன் ஏறுனானாம். ஆயா அவன பொம்மையாலயே அடிச்சாங்களாம். அப்ப பட்டுதாம்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா கார்முகில் அண்ணன்கிட்ட ஸ்ரீமுஷ்ணம் தேருல பட்டுதுன்னு சொல்லியிருக்காங்க. பூர்ணிமாகிட்ட காட்டுப்பன்னி முட்டிச்சுன்னு.”

தாத்தாவுக்குச் சிரிப்பு பாதி வந்து நின்றுவிட்டது.

“லாரியில போனது நெசம். புருஷன் செத்தப்புறம் பொம்மை வித்துத்தான் பிள்ளைங்கள வளர்த்தா. திருடனையும் அடிச்சிருப்பா, சொல்ல முடியாது. ஆனா தழும்பு அதுக்கெல்லாம் முன்னாடி வந்துது.”

“எப்படி தாத்தா?”

“வெள்ளாத்துல வெள்ளம் வந்துது. நாங்க அம்மா இல்லாத பிள்ளைங்க. அவளுக்கு உன் வயசு இருக்கும். நான் இடுப்புப் பிள்ளை. என்ன முதுகோட சேத்துக் கட்டிக்கிட்டு நீந்துனா. மெதந்து வந்த மரம் ஒண்ணு அவ மூஞ்சில மோதிச்சு. கண்ணெல்லாம் ரத்தம். அப்பவும் என்ன அவுத்து விடல.”

“உங்களக் காப்பாத்துனத ஆயா யாருகிட்டயும் சொன்னதே இல்லையே தாத்தா!”

தாத்தா டீயை ஊதினார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

“அந்தத் தழும்பு இல்லன்னா நான் இல்ல. அத அழிச்சிட்டு வந்து, சீலையக் குடுன்னு கேக்குறாங்க.”

கயல்விழி எழுந்து உள்ளே ஓடினாள். அவள் அம்மா அம்சவல்லி, பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் தீட்டும் வேலை செய்பவள். அம்மாவின் மெல்லிய தூரிகையையும், மூடியில் கொஞ்சம் பழுப்புச் சாயத்தையும், ஆயாவின் படத்தையும் கயல்விழி தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஏய், என்ன பண்ணப் போற?”

“கண்ணாடி மேலதான் தாத்தா. தப்பாப் போனா தொடச்சிடலாம்.”

ஒரு கோடு போட்டாள்.

“இது தழும்பா, ரயில் ரோடா? இவ்ளோ நேரா இருக்குது!”

துடைத்தாள். மறுபடி போட்டாள். அதுவும் சரியில்லை. பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். தூங்கப்போகும்போது தடவுவது போல, தன் புருவத்தின் மேல் விரலை மெல்ல நகர்த்தினாள்.

“இங்க ஆரம்பிக்கும்... நடுவுல கொஞ்சம் மேடு... அப்புறம் காதுப் பக்கமா வளையும்...”

கண்ணைத் திறந்து, ஒரே இழுப்பில் தீட்டினாள்.

தாத்தா குறை ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெள்ளை முகத்துக்குப் பின்னாலிருந்து அக்கா அவரைப் பார்த்தாள்.

“ஐயோ, போட்டோவக் கெடுத்துட்டியேடி!” என்று ராஜ்மோகன் பதறிக்கொண்டு வந்தான்.

அவன் பின்னால் வந்த அம்சவல்லி படத்தைப் பார்த்தாள். “விடுங்க. அத்தை வந்துட்டாங்க” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாத்தா பையைப் பிரித்தார். சேலையைப் படத்தின் முன்னால் வைத்தார். படையல் நடந்தது.

சாயங்காலம் கயல்விழி தெருமுனை வரை கூடவே வந்தாள். பேனரில் அந்த வழவழ முகம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தாத்தா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கண்ணாடியத் தொடச்சா கோடு போயிடும்” என்றார்.

“போனா மறுபடி போடுவேன் தாத்தா.”

“கொஞ்ச நாளு போனா மறந்துடுவ.”

“மறக்க மாட்டேன்.” கயல்விழி தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டு, காலிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாத்தா பஸ்ஸுக்கு நடந்தார்.