கொட்டகையில் கூப்பிடாத பெயர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்றைக்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். சொல்ல நாக்கூசுகிறது. ஆனாலும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆனேக்கலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. மாடுகள் போய் முப்பது வருஷம். அதை இடிக்கப் பழனிச்சாமி என்ற கான்ட்ராக்டரைப் பேசினேன். நல்ல வெயிலில் வந்து இறங்கினார்.

உள்ளே ஈரமண்ணும் பழஞ்சாணமும் கலந்த வாடை. அதற்கடியில் லேசாகக் கஷாய வாடை. அது எனக்கு மட்டும் தெரிந்த வாடை.

அவர் கதவைத் தடவிப் பார்த்தார்.

"மாட்டுக்கு மூணு தாழ்ப்பாளா? கீழ கை நுழையற அளவுக்கு ஓட்டை வேற. உங்க மாடு பெரிய கில்லாடிதாம்மா!"

நானும் சிரித்து வைத்தேன்.

பழனிச்சாமிக்கு ஒரு வழக்கம். இடிக்கும் முன், அந்தக் கூரையின் கீழ் செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போய்வரச் சொல்வார். பெயர் விட்டுப்போனவர்கள் போக இடமில்லாமல் பக்கத்துக் கூரைக்குள் வந்துவிடுவார்களாம்.

"யார் யாரு இருந்தாங்கம்மா? காதுல சொன்னாப் போதும்."

"கௌரி, துங்கா. ரெண்டும் மாடுங்கப்பா."

"மனுஷங்க?"

"ஐயய்யோ, யாரும் இல்ல."

பொய். என் நாத்தனார் பாஞ்சாலி இருந்தாள்.

அவள் இருமலில் ரத்தம் வந்த வருஷம்தான் என் மகளுக்கு வரன் தேடினோம். வெளியே தெரியக்கூடாது என்று நான்தான் அவளை அங்கே விட்டுத் தாழ் போட்டேன். மதியம் பசித்தால் எனாமல் தட்டைத் தரையில் இரண்டு முறை தட்டுவாள். ஓட்டை வழியாகச் சோறு தள்ளுவேன். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று, அவள் தட்டத் தட்ட நான் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் போனபோது சத்தம் நின்றிருந்தது.

"கௌரி, துங்கா, போய்ட்டு வாங்கம்மா, இடிக்கிறோம்" என்று கும்பிட்டார் பழனிச்சாமி. ஜேசிபி சுவரைத் தள்ளியது.

தூசி அடங்கியது.

கற்குவியலின் மேல் அந்தத் தட்டு. அப்போதுதான் கழுவியதுபோல் ஈரம்.

பழனிச்சாமி என் பக்கத்தில் வந்து நின்றார். "இப்பவாவது சொல்லிடுங்கம்மா" என்றார், மெல்ல.

பக்கத்து வீட்டுக்காரி ஷில்பா தன் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்துவிடுமே! தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தத் தட்டையும் லாரியில போட்டு எடுத்துட்டுப் போப்பா."

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தேன்.

டங். டங்.

பின்கட்டில் இல்லை. என் சமையலறைக்குள்.

"பாஞ்சாலி..." முப்பது வருஷம் கழித்து அந்தப் பெயரைச் சொன்னேன்.

அடுப்புப் பக்கமிருந்து ஒரு இருமல்.

அன்றிலிருந்து முதல் சோறு அவளுக்குத்தான் வைக்கிறேன். சோறு வைத்தபடியே கிடக்கிறது. தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

இதோ... கேட்டதா? பயப்படாதீர்கள், கண்ணுகளா. அது என்னைத்தான் கூப்பிடுகிறது. உங்கள் வீட்டில் யாருக்கும் தனித்தட்டு வராமல், எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு நன்றாக இருங்கள்.