பதினேழாம் மரத்தின் சுற்றளவு

இந்தப் பூமியின் சூட்டை ஒரே காலையில் அரை டிகிரி இறக்கியவன் நான். ஆயுதம், ஒரு டீ டம்ளர். இடம், அஸ்தினாபுரம். நீங்கள் நம்ப வேண்டாம். பக்கத்திலேயே நின்று பார்த்த கரீமே நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை 8.40.

என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் காடு வளர்ப்பு ஆபீஸிலிருந்து அலறல். ஓடினேன். இரும்பு பீரோ திறந்திருந்தது. டேட்டா அடிக்கும் ஆல்வின், நாற்பது வயது மனிதன், கையில் நோட்டோடு நின்றிருந்தான்.

"அக்கா! மொத பாத்தி பதினேழாம் மரம் முப்பத்தெட்டு சென்டிமீட்டர்தானே? எட்டு மணிக்கு நானே பார்த்தேன். இப்ப அறுபத்தொண்ணுன்னு இருக்கு!"

காந்திமதி எட்டிப் பார்த்தாள். "என் எழுத்து மாரியே கீது. ஆனா இது என் நோட்டு இல்ல."

விஷயம் இதுதான். திருநீர்மலைக்குத் தெற்கே ஒரு மொட்டைக் குன்று. காந்திமதியும் ஐந்து பெண்களும் ஆறு வருடமாக அதில் காடு வளர்க்கிறார்கள். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வனநிதி ஒன்று அதற்குக் காவல். மரம் பருக்கப் பருக்கக் காற்றிலுள்ள கரியை விழுங்கும். எவ்வளவு பருத்தது என்பதற்கு ஆதாரம், காந்திமதி நெஞ்சு உயரத்தில் நாடா சுற்றி அளந்து கைப்பட எழுதிய நோட்டு. பதினொரு மணிக்கு வனநிதியின் ஆய்வாளர் வருகிறார். நோட்டும் மரமும் பொருந்தாவிட்டால் குன்று வனநிதியின் பட்டியலிலிருந்து போகும். வாசலில் காத்திருக்கும் கல் குவாரி உள்ளே வரும். பொய்க்காரி என்ற பெயர் காந்திமதிக்கு.

விடுவானா இந்தத் துளசிங்கம்? முப்பத்தைந்து வருடம் ரயில்வே டிக்கெட் பரிசோதகன். தாம்பரத்தில் நான் கனைத்தால் செங்கல்பட்டில் ஓசிப் பயணிகள் ஜன்னல் வழியாகக் குதிப்பார்கள்.

9.10. பூட்டுக்கடை வைத்திருக்கும் கரீமை வரவழைத்தேன்.

"நெம்பல. கீறலே இல்ல. சாவி போட்டுத்தான் தொறந்திருக்கான்" என்றார்.

சாவி ஆணியில் தொங்கும். எட்டுக்கும் எட்டு நாற்பதுக்கும் நடுவில் அந்த அறைக்குள் தனியாகப் போய் வந்தவர்கள் மூவர். காந்திமதி, ஆல்வின், வனநிதிக்கு அறிக்கை எழுதும் ஆலோசகர் தோத்தாத்ரி. ஒருவரும் இன்னும் கட்டடத்தை விட்டு இறங்கவில்லை.

9.30. தோத்தாத்ரி, மடியில் லேப்டாப் பையோடு.

"உள்ள எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"ரெண்டு நிமிஷம். சார்ஜர் எடுக்க."

"நோட்டு?"

"ஆல்வின் டைப் பண்ணித் தர்ற காப்பியே எனக்குப் போதும் சார். அந்த நோட்டை நான் கண்ணால பார்த்ததே இல்ல. கையால எழுதினது வேணும்னு நேத்துதான் மெயில் வந்தது. இந்தம்மா இஷ்டத்துக்கு எழுதிட்டு இப்ப டிராமா பண்றாங்க."

காந்திமதி டீ ஊற்றினாள். டம்ளர்களை எண்ணினாள். "லாபம்… ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு."

"டீயிலயுமா லாபம்?" என்று கரீம் சிரித்தார்.

"ஊரப்பாக்கத்துல நெல் அளந்த வூடு பாய் எங்குளுது. மொத அளவுக்கு அதான் பேரு."

தோத்தாத்ரி டீ குடித்தார். பை மடியிலிருந்து இறங்கவில்லை.

நான் நோட்டைப் புரட்டினேன். பதினான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாத்தி. முதல் வரி: '1. வேம்பு. 64.' மூடினேன். ஆல்வினை மாடிப்படிக்குக் கூட்டிப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவன் சொன்ன பதிலில் எனக்கு இருபது வயது குறைந்தது.

11.00. ஆய்வாளர் ஜாஸ்மின் வந்தார்.

தோத்தாத்ரி முந்திக்கொண்டார். "மேடம், என் ரிப்போர்ட்டும் இந்த நோட்டும் டேலி ஆகுது. மரம் ஒல்லியா இருந்தா, அளந்தவங்க பொறுப்பு."

"சார், முதல் வரியை வாசிங்க" என்றேன்.

"ஒன்னு, வேம்பு, அறுபத்துநாலு."

"அடுத்த பக்கம்?"

"ஒன்னு, புங்கன்…"

"போதும். மேடம், இந்தம்மாவுக்கு வாழ்க்கையில ஒன்னே கிடையாது!"

ஜாஸ்மின் விழித்தார். ஆல்வின் சொன்னான்: "ஆமா மேடம். அசல் நோட்டுல ஒவ்வொரு பக்கமும் 'லாபம்'னுதான் ஆரம்பிக்கும். வனநிதிக்காரங்க 'லாபம்'னு பார்த்தா பேஜாராயிடும்னு நான்தான் 1னு மாத்தி அடிப்பேன்."

"காந்திமதி எழுதினா லாபம்னு எழுதுவா. ஆல்வின் திருடினாலும் லாபம்னுதான் எழுதுவான், அவனுக்குத் தெரியும். டைப் காப்பியை மட்டும் பார்த்தவர்தான் 1 போடுவார். மரம் பருத்தா தன் கமிஷனும் பருக்கும்னு அறிக்கையில மரங்களைப் பருக்க வெச்சு அனுப்பியாச்சு. கையெழுத்து நோட்டைக் கேப்பாங்கன்னு எதிர்பார்க்கல. இந்தம்மா எழுதித் தர்ற செலவு ரசீதைப் பார்த்து எழுத்தைக் காப்பியடிச்சு, ராத்திரி முழுக்க உக்காந்து எழுதி, ரெண்டு நிமிஷத்துல மாத்தி வெச்சிட்டார்."

"யோவ் துளசி" என்றார் கரீம். "ஒரு சொல்லை வெச்சு ஆளைப் புடிப்பியா? கேட்டா சிரிப்பான்யா!"

"டிக்கெட் இல்லாதவன் பையைக் கீழ வைக்க மாட்டான் பாய். இவர் ஒன்றரை மணி நேரமா மடியிலயே வெச்சிருக்கார்."

"திறங்க" என்றார் ஜாஸ்மின்.

"திஸ் இஸ் ஹராஸ்மென்ட்!" தோத்தாத்ரி எழுந்தார். வாசலில் கரீம் நின்றார், கைகட்டி. பையின் ஜிப் திறந்தது. லேப்டாப்புக்கு அடியில் செம்மண் படிந்த நோட்டு. முதல் வரி: 'லாபம். வேம்பு. 41.'

காந்திமதி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அன்று முதல் முறையாக அழுதாள்.

12.30. குன்றில் ஜாஸ்மினே நாடா பிடித்தார். பதினேழாம் மரம், முப்பத்தெட்டேகால். அந்தக் கால், நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது வளர்ந்தது, சத்தியம். தோத்தாத்ரியின் அறிக்கை ரத்து. உண்மை அளவோடு குன்று பட்டியலில் நின்றது.

சாயந்திரம் ஐந்து மணி, டீக்கடை. அரை டிகிரி கதையை நான் ஒன்றேமுக்கால் டிகிரிக்கு ஏற்றியிருந்தேன்.

கடைக்காரர் மாரி கேட்டார்: "பாய், நீயும் இருந்தியாமே. இவரு சொல்றது நெசமா?"

"டிகிரியெல்லாம் ரீலு" என்றார் கரீம். தட்டில் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "லாபம்… ரெண்டு… மூணு…"

கை நின்றது. என்னை முறைத்தார்.

"ஆனா அந்த ஒரு சொல்லுல ஆளைப் புடிச்சான் மாரி. நடந்துச்சு. நான் பார்த்தேன்."