சுவரில் அறுநூற்றுப் பதினொரு கட்டங்கள்

பள்ளி விட்டதும் டேனா ஓட்டமாய் ஓடி வந்தாள். பாலைவனச் சுரங்க ஊரான கூபர் பீடியில் பாதிப் பேருக்கு வீடு பூமிக்குள்தான். அவள் வீடும் அப்படித்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், வாசலைத் தாண்டினால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா டுன்யா வலைப்பூ எழுதும் நாள்.

புழுதிக்காற்று அடித்தாலும் சரி, காய்ச்சல் வந்தாலும் சரி, அந்த நாள் தவறாது. அலமாரிக்காகப் பாறையைக் குடைந்தது, பூசணி ரொட்டி கருகியது, காயப்போட்ட துணி கொடியோடு பறந்தது என்று வீட்டில் நடப்பதெல்லாம் அதில் வந்துவிடும். டேனா பிறந்த வாரம்கூட இரண்டு வரி எழுதினாராம்: "பெண் குழந்தை. நன்றாகக் கத்துகிறாள்."

இன்று அம்மா எழுதவில்லை. கணினியைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். திரையில் வெறும் வெள்ளை. வலைப்பூவுக்கு இடம் கொடுத்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டதாம். எழுதியதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மூன்று கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றும் அம்மா இப்போது திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கின்றன. நகல் எதுவும் இல்லை.

"எத்தனைம்மா இருந்துச்சு?"

"அறுநூத்திப் பதினொன்னு," என்றார் அம்மா. "விடு. இனிமே எழுதப்போறதில்ல. மறுபடியும் ஒன்னுல இருந்து தொடங்க எனக்குத் தெம்பில்ல."



அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வந்தது. ஓட்டி வந்த லெஸ் மாமாவிடம் டேனா விஷயத்தைச் சொன்னாள். அவர் குழாயைத் தொட்டிக்குள் விட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பூசணி ரொட்டியும் போச்சா? அதெப்படிப் போகும், எங்கிட்ட இருக்கே," என்று கைபேசியை நீட்டினார். "இதப் பாத்துத்தான் செய்வேன். எனக்கும் கருகத்தான் செய்யுது."

டேனா எட்டிப் பார்த்தாள். அம்மா எழுதி முடிக்கும் ஒவ்வொன்றும், பெயர் கொடுத்த வாசகர்களுக்கு மின்னஞ்சலாகவும் போய்விடும். அப்படியானால் வலைப்பூ அழிந்துபோகவில்லை. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது.

"மாமா, தண்ணி வழியுது," என்று சொல்லிக்கொண்டே உள்ளே பாய்ந்தாள்.

வாசகர் பட்டியலும் வலைப்பூவோடு போய்விட்டது. ஆனால் பாராட்டியும் வம்பளந்தும் அம்மாவுக்குப் பதில் போட்டவர்களின் அஞ்சல்கள் அப்படியே இருந்தன. டேனா அவற்றைத் துழாவி நாற்பத்து மூன்று பேரைப் பிடித்தாள். எல்லோருக்கும் ஒரே கடிதம்: "எங்கம்மா எழுதியது உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். ஒன்று இருந்தாலும் போதும்."

பிறகு சுண்ணக்கட்டியை எடுத்துக் கூடத்துப் பாறைச் சுவரில் கட்டம் கட்டமாய் வரைந்தாள். அறுநூற்றுப் பதினொரு கட்டம். வேறு நாளாக இருந்தால் அம்மா தோலை உரித்திருப்பார். இன்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

சனிக்கிழமை காலை முதல் 'டிங்'. பெர்த்திலிருந்து ஒரு செவிலியர் ஏழு அனுப்பியிருந்தார். அடுத்த 'டிங்', ஹோபார்ட் நகரிலிருந்து. முப்பது. திங்கட்கிழமை ஃபிஜித் தீவுத் தாத்தா ஒருவர் நானூறை மொத்தமாக அனுப்பி, கீழே இப்படி எழுதியிருந்தார்: "எதையும் அழிக்காதவன் என்று என் மனைவி தினமும் திட்டுவாள். உன் கடிதத்தை இப்போதே அவளிடம் காட்டப் போகிறேன்."

டேனா கட்டங்களை நிரப்ப நிரப்ப, மூக்கு முழுக்க வெள்ளைப் பொடி. புதன்கிழமைக்குள் அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். வந்ததையெல்லாம் புது இடத்தில் ஏற்றிக்கொண்டே, பறந்த துணிகளைப் பற்றிப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்.

வியாழக்கிழமை மாலை ஒரே ஒரு கட்டம் காலி. முதல் கட்டம்.

"அது கிடைக்காதுடி," என்றார் அம்மா. "அன்னிக்கு எனக்கு ஒரே வாசகர்தான், உங்கப்பா. படிச்சீங்களான்னு கேட்டா, நேரமில்லன்னுட்டாரு."

டேனாவுக்குச் சிரிப்பு வந்தது. பெர்த்தைக் கேட்டாயிற்று, ஃபிஜியைக் கேட்டாயிற்று. சொந்த வீட்டு ஆளை யாரும் கேட்கவில்லை.

அப்பா ஓப்பல் ரத்தினக்கல் சுரங்கத்தில் தங்கி வேலை முடித்து மறுநாள் மாலைதான் வந்தார், தலை முதல் கால் வரை புழுதியோடு. டேனா வாசலிலேயே மறித்துக் கேட்டாள். அவர் அம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு வண்டிக்குப் போய், நல்ல கற்களைப் போட்டு வைக்கும் தகர டப்பாவைக் கொண்டுவந்தார். கற்களுக்கு அடியில் நாலாய் மடித்த தாள் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் நூலகத்தில் அச்செடுத்து வாங்கியதாம்.

அம்மா தாளைக் கையில் வாங்கினார். "படிக்கலன்னு சொன்னீங்களே."

"அப்போ எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்," என்றார் அப்பா. "முடிக்க நாலு நாளாச்சு. நீ முத நாளே கேட்டுட்ட."

அம்மா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு கணினி முன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தள்ளுங்க எல்லாரும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

டேனா முதல் கட்டத்தை அழுத்தி நிரப்பினாள். கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாய் ஒன்று வரைந்தாள். சுவரில் மிச்சம் எவ்வளவு இடம் இருக்கிறதென்று அப்பா கண்ணால் அளந்தார்.

"போதலன்னா சொல்லு," என்றார். "இன்னொரு ரூம் தோண்டிடலாம்."