ஈயம்: இல்லை

தையற்காரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான்காக மடித்த காகிதம் ஒன்றை மேசைமேல் வைத்தாள். ஆறு வயது மகளுக்கு மூன்று மாதமாக வயிற்று வலி. சாப்பாடு இறங்கவில்லை, முகம் வெளுத்துவிட்டது. நேற்று அம்மாவின் கத்தரிக்கோலைக் காட்டி, "அது... வெட்டுறது" என்றாளாம். இரண்டு வயதிலேயே அதன் பெயரைத் தெளிவாகச் சொன்ன பிள்ளை. அதைச் சொல்லும்போது தையற்காரி அழுதுவிட்டாள்.

"ஒருத்தர் தண்ணிங்கறார், இன்னொருத்தர் காத்துங்கறார். கைபேசியில ஆயிரம் வைத்தியம் வருது. யாரை நம்புறதுன்னே தெரியலைங்க."

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளரான அந்த வீட்டு அம்மாள் காகிதத்தைப் பிரித்தார். தையற்காரியின் கணவன் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறையில் வேலை செய்பவன். அதனால் டாக்டர் முதலில் ஈயத்தைத்தான் சந்தேகித்து, வீட்டுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லியிருந்தார். அந்தச் சோதனையின் அறிக்கை இது. கடினத்தன்மை 310. கிருமிகள் காணப்படவில்லை. ஈயம் இல்லை. அதைப் பார்த்ததும் டாக்டர் ஈயத்தை மறந்து, பூச்சி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆய்வாளரின் கொழுந்தனார் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியை விட்டாலும் முந்திப் போகும் பழக்கத்தை விடாதவர். தையற்காரியின் தெருவில் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்பவன்தான் ஏதோ கலக்கிறான் என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"அண்ணி, எரியிற வீட்டுல பிடுங்குறவன் அவன்."

"பிடுங்குறவன்தான். அதுக்காக அவன்தான் கொளுத்தினான்னு ஆயிடுமா?" என்ற ஆய்வாளர், சோதனைச்சாலைக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு, கொழுந்தனாரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

தையற்காரியின் வீடு ஒரே அறை. வெட்டுத் துணிக் குவியல்மேல் சிறுமி படுத்திருந்தாள். கந்தல் பொம்மை ஒன்றின் காது அவள் வாயில் இருந்தது. ஆய்வாளர் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் தெருக்குழாயில் பிடிப்பது. அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த சந்தில் இருக்கும் சித்தி வீட்டில் சிறுமி இரண்டு வாரம் இருந்தபோது வலி குறைந்ததாம். அங்கும் அதே குழாய்த் தண்ணீர்தான்.

"அங்க நிம்மதியா இருந்தாளா?"

"எங்கங்க? பொம்மையை இங்கயே மறந்துட்டுப் போயிட்டா. நாலு நாள் ஒரே அழுகை."

வாசலில் கணவனின் வேலைச் செருப்பு கிடந்தது. ஆய்வாளர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியது. கையைக் கழுவிவிட்டு, அவன் வரும்வரை காத்திருந்தார்.

மாலையில் அவன் வந்து நின்றதும் ஆய்வாளர் காகிதத்தை விரித்தார்.

"கிருமி தேடிப் பார்த்து இல்லைன்னா, 'காணப்படவில்லை'ன்னு எழுதியிருக்காங்க. ஈயத்துக்கு மட்டும் வெறும் 'இல்லை'. எழுதின குமாஸ்தாவைக் கேட்டேன். ஈயம் பார்க்கிற எந்திரம் பழுதாகி ஆறு மாசமாம். அந்தச் சோதனை இங்க இல்லைன்னு அவர் எழுதியிருக்கார். தண்ணியில ஈயம் இல்லைன்னு நீங்க படிச்சீங்க. டாக்டரும் அப்படித்தான் படிச்சார்."

"அப்ப தண்ணிதானே அண்ணி?" என்றார் கொழுந்தனார்.

"தண்ணின்னா சித்தி வீட்டுல வலி எப்படிக் குறையும்? அங்க இல்லாதது ரெண்டு. ஒண்ணு இவரோட வேலைத் துணி. இன்னொண்ணு பொம்மை." அவர் தையற்காரியைப் பார்த்தார். குரல் தணிந்தது. "பொம்மைக்குள்ள என்னம்மா அடைச்சே?"

தையற்காரி தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அவரோட பழைய பட்டறைச் சட்டை. அப்பா வாசனை வேணும்னு அடம் பிடிச்சா. துவைக்காம வெச்சுத் தைச்சேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவர் என்று காட்ட ஓர் ஆள்கூட இல்லை.

நாளைக் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ரத்தச் சோதனை செய்ய வேண்டும்; அப்பாவுக்கும்தான். பொம்மையைப் பிரிக்காமல் பையில் கட்டிவிட வேண்டும், வீட்டை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் அவன் வீடு திரும்ப வேண்டும். பட்டறையைப் பற்றித் தொழிலாளர் அலுவலகத்துக்குத் தாமே எழுதுவதாகச் சொன்னார் ஆய்வாளர்.

"மறந்த வார்த்தையெல்லாம் திரும்பி வருமாங்க?" என்று தையற்காரி கேட்டாள்.

"வலி போயிடும். வார்த்தை... தெரியலம்மா. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் சிறுமி எழுந்து, வழக்கம்போல அப்பாவிடம் ஓடினாள். அவன் இரண்டடி பின்வாங்கினான். "கிட்ட வராதேம்மா, அப்பா குளிச்சிட்டு வந்துடறேன்" என்றான். அவள் நின்ற இடத்திலேயே நின்று அவனைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து துணிக் குவியலில் தேடினாள். அவள் தூங்கியபோதே ஆய்வாளர் பொம்மையைப் பையில் போட்டு வாயைக் கட்டியிருந்தார்.

"பொம்மை?" என்று கேட்டாள். அந்த வார்த்தை மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

"இல்லைம்மா" என்றாள் தாய். இந்த முறை அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.